வட்டி இறங்கிய காலை

சந்தைக் கூடத்துப் பலகையில் வட்டி ஒன்பதிலிருந்து ஆறாக இறங்கியதும், முதன்முதலாகக் கடன்பத்திரம் வாங்கியிருந்த தில்லைநாயகி அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். "போச்சா தம்பி?" என்று தரகர் அன்வரிடம் கேட்டாள்.

"அது புதுப் பத்திரத்துக்குத்தான் அக்கா. உங்களுதுக்குக் கடைசிவரைக்கும் ஒன்பதுதான். இனிமே எல்லாருக்கும் இதுதான் வேணும். வட்டி எறங்குனா இது வெல ஏறும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கையிலிருந்த பத்திரம் மேலே எழும்பியது. அவள் பிடியை விடவில்லை. செருப்பு கழன்று விழ, மின்விசிறிகளைத் தாண்டி அவளும் கூடவே போனாள். கீழே கூடமே கைநீட்டி விலை கூவியது.

"இப்பவே வித்துடுங்கக்கா" என்று அன்வர் கத்தினார்.

"வித்தா எறங்கணுமே தம்பி" என்று சிரித்தாள்.

பலகை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதில் அந்த ஆறு மெல்ல ஏழாக மாறத் தொடங்கியது.