எட்டுக் கிலோமீட்டர்

ஊர் ஊராகச் சுற்றலாம் என்று மெக்கானிக் மனைவியிடம் முப்பது வருடமாகச் சொல்லிவந்தது பேச்சோடு நின்றுவிட்டது. மறுநாள் அவளுக்கு இதய அறுவை சிகிச்சை. அன்று காலை தன் பழைய காருக்குப் பார்த்துப் பார்த்து நான்கு புது ஸ்பார்க் பிளக் வாங்கிப் பொருத்தி, அவளை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்தார். மீட்டரில் கூடியது எட்டுக் கிலோமீட்டர்.

வீடு திரும்பியதும், எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரிகிறதா என்று பார்க்கப் பிளக்குகளைக் கழற்றினார். நிறம் வெளிர் பழுப்பு; சரியாகத்தான் எரிகிறது. ஆனால் நான்கிலும் முனை தேய்ந்து மழுங்கியிருந்தது.

“கெட்டுப்போச்சாங்க?”

“இல்லம்மா. முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடினாத்தான் இப்படித் தேயும்.”

அவள் ஒன்றை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “அவ்வளவு தூரமா போயிட்டு வந்தோம்?”

பிளக்கைத் திரும்ப வாங்க அவர் நிமிர்ந்தார். வழியெல்லாம் ஜன்னலில் சாய்த்திருந்த அவளுடைய இடது கை மட்டும், முழங்கை வரை வெயிலில் கறுத்திருந்தது.