சேராத சாவிக்கொத்து

தோயெல் பெட்டியைத் தொடவே இல்லை.

மேசைமேல் பூட்டிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு ரயில் வண்டி. பக்கத்தில் ஒரு கொத்துச் சாவி. ஐந்து வயதுக்காரி மடியில் கையை வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள்.

அவள் அம்மா பாசந்திக்குப் பொறுக்கவில்லை. அம்மா வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். பாலிகஞ்சிலேயே பெரிய பள்ளிக்கூடம். பாத்திரம் தேய்க்கிறவள் மகளுக்கும் இடம் உண்டாம், பிள்ளைக்கு முனைப்பு இருந்தால். அந்த முனைப்பைத்தான் இப்போது அளந்துகொண்டிருந்தார்கள்.

அளக்க வந்த டீச்சர், சுதபா திதிமணி, கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஹங்கேரியிலயும் இதே பெட்டிதான் வச்சோம். பிள்ளைங்க ஒரு சாவி விடாம போட்டுப் பாத்துச்சுங்க. தைவான்லயும் அப்படித்தான். உன் பொண்ணுக்கு முயற்சி பண்ணணும்கிற எண்ணமே இல்லையே, பாசந்தி. தப்பா நினைச்சுக்காத."

பாசந்தி தப்பாகத்தான் நினைத்தாள். மாவு டப்பா மூடியைப் பல்லால் கடித்து, ஈறில் ரத்தம் வந்தும் விடாத பிள்ளை இது. இதற்கா முயற்சி இல்லை?

வாய் திறக்கக் கூடாது என்ற விதி காற்றில் பறந்தது.

"ஏன்டி சும்மா உக்காந்திருக்க? ஒரு சாவியப் போட்டுப் பாத்தா கை முறிஞ்சா போயிடும்?"

"இதுல எதுவும் சேராதும்மா," என்றாள் தோயெல். "திதிமணி பூட்டுன சாவி வேற. அத முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. நான் பாத்தேன்."

சுதபாவின் கை தானாக முந்தானை நுனிக்குப் போனது. முடிச்சு அங்கேதான் இருந்தது. பெட்டி எந்த நாட்டிலிருந்து வந்தால் என்ன, சாவியை வேறெங்கே வைப்பது என்று வங்காளத்துக் கைக்குத் தெரியாது.

கொத்தில் இருந்த எந்தச் சாவியும் அந்தப் பூட்டைத் திறக்காது. திறக்காததோடு பிள்ளை எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறது என்பதுதான் சோதனை.

சுதபா சமாளித்துக்கொண்டாள். "தெரிஞ்சா எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"அம்மா அடிப்பா. வேலை பாக்கிற வீட்டுக்கார பௌதியம்மா முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கிறதக் கேக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்கா."

பாசந்திக்குச் சுருக்கென்றது. சொன்னது உண்மைதான். ஒரு கரண்டி காணாமல் போனாலும் அந்த வீட்டில் முதலில் உதறிப் பார்ப்பது யாருடைய பையை என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையை அந்தப் பயத்தில்தான் வளர்த்திருந்தாள்.

சுதபா மதிப்பெண் போடக் குனிந்தாள்.

பாசந்தி எழுந்து வந்தாள். மகளைத் தூக்கி நிறுத்தி, முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள்.

"கேளுடி. சத்தமாக் கேளு. நான் நிக்கிறேன்."