கூட்டம் மொய்த்த ஷேர்

“மொதல்ல என் மருமவனைத் தூக்கி உள்ள போடும்மா. மத்தத அப்பறம் பேசிக்கலாம்.”

தாம்பரம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டரம்மாவின் மேசையைத் தட்டினார் சவுரிமுத்து. பக்கத்தில் நின்ற மகள் ஈவ்லின், துப்பட்டாவால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

“மருமவன் இன்னா பண்ணாரு பெரியவரே?”

“டேனியலு. என் வூட்டு சோத்தைத் துன்னுகினே எனக்குப் பாடம் எடுத்தான். ‘வெலையப் பாக்காதீங்க மாமா, வால்யூமைப் பாருங்க. தெனம் ஆயிரம், ரெண்டாயிரம் கைமாறுற ஷேரு திடீர்னு லச்சக்கணக்குல கைமாறுச்சின்னா, உள்ள ஏதோ விசயம் கீது’ன்னான்.”

சவுரிமுத்து லேசில் யாரையும் நம்புகிறவர் இல்லை. ஆனால் கூட்டத்தை நம்புவார். மீன் வாங்கினாலும் ஜனம் முண்டியடிக்கிற கடையில்தான் வாங்குவார்.

அப்படித்தான் ஒருநாள், பேர் தெரியாத ஒரு சின்னக் கம்பெனி ஷேரில் கூட்டம் எகிறியது. பொழிச்சலூர் மனையை விற்ற பணம் மொத்தத்தையும் ஷேர் ஆபீஸில் கொண்டுபோய்க் கொட்டி, அதையே வாங்கினார். மகனுக்கென்று வைத்திருந்த பணம் அது. ‘கட்டிக் குடுத்த பொண்ணுக்கு எதுக்குப் பங்கு?’ என்று ஈவ்லினிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

மறுவாரம் அந்த ஷேரைச் சீந்த நாதியில்லை.

“நாலு பேரு கூடிகினு, தங்களுக்குள்ளயே வித்து வாங்கி, கூட்டம் காட்டிக்கீறானுங்க. கடேசில மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டானுங்க. சத்தியமா சொல்றேன், அதுல ஒருத்தன் இவன்!”

“யாருக்குனா ஓடிபி சொன்னீங்களா?”

“நானா? பேங்குக்காரன் கேட்டாலே அசிங்கமா திட்டுவேன். கேஸு சிலிண்டரு புக் பண்ண, ரேசன் கார்டு மாத்தன்னு இதோ, எம்பொண்ணு கேப்பா. அவளத் தவிர ஒரு பயலுக்கும் சொன்னது கெடையாது.”

ஈவ்லின் துப்பட்டாவைக் கை மாற்றிக்கொண்டு விசிறினாள்.

“அப்ப கவலைய வுடுங்க. கையெழுத்தைப் போடுங்க. ஷேர் மார்க்கெட்டுக்கு எழுதிக் கேட்டா, வித்தவன் பேரு தானா வந்துடும். அந்தப் பேருல கீறவனைக் கூட்டியாந்து உக்கார வெச்சிடலாம்.”

“யாரா இருந்தாலும் வுடமாட்டியே?”

“யாரா இருந்தாலும்.”

சவுரிமுத்துவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பேனாவை எடுத்தார். ஈவ்லின் அந்தக் கையைப் பிடித்து, “ஒரு நிமிசம் மேடம்” என்று அவரை வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

“கையெழுத்து போடாத நைனா.”

“ஏண்டி? புருசனைக் காப்பாத்துறியா?”

“அந்த மனுசனுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் உன்கிட்ட வாங்குன ஓடிபி எதுவும் சிலிண்டருக்கு இல்ல.”

“பின்ன எதுக்குடி?” என்றார் சவுரிமுத்து. மகள் அவருடைய சட்டைக் காலரை நிதானமாகச் சரிசெய்தாள்.

“உன் பேருல இன்னொரு ஷேர் அக்கவுண்டு தொறந்து, என் பங்கை எடுத்துக்க. வாங்குனதும் உன் பேருதான், வித்ததும் உன் பேருதான் நைனா.”