செம்பட்டைக் கீற்று

"இன்னும் நல்லா தேய்ம்மா. எல்லாம் போகும்" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

ஆஸ்பத்திரி வாஷ்பேசினில் தலையைக் கவிழ்த்து அவள் மூன்றாவது தடவையாக ஷாம்பு போட்டாள். இடது நெற்றியோரம் விரல் அகலத்துக்கு ஓடிய செம்பட்டைக் கீற்று துளிகூட மங்கவில்லை.

"மேடம், நூறு தடவை சொல்லிட்டேன். இது சாயம் இல்ல. பொறந்ததிலேருந்தே இப்படித்தான்."

"நேத்து அந்த நர்ஸ் பொண்ணும் இதேதான் சொன்னா. அந்த நடிகை ஒரு படத்துல இப்படி வந்தாலும் வந்தா, ஊர்ல பாதிப் பொண்ணுங்களுக்குத் திடீர்னு பிறவியிலேயே செம்பட்டை!"

அவள் ஈரக் கையோடு போனை எடுத்துப் பழைய போட்டோவைக் காட்டினாள். சூப்பர்வைசர் அம்மா சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"போட்டோவுல எந்தக் கலரை வேணா ஏத்தலாம். வரவேற்பு மேஜையில உட்கார்ற பொண்ணு தலைக்குச் சாயம் அடிக்கக் கூடாதுன்னா கூடாது. நாளைக்குக் கருப்பா வா. இல்லன்னா வராதே."

சாயம் அடிக்காதவள் என்று பெயர் வாங்க, சாயம் அடித்துக்கொண்டு வர வேண்டுமாம்! இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

பள்ளிக்கூடத்தில் 'துரு, துரு' என்று கூப்பிட்டே அவளை அழ வைத்தார்கள். இப்போது அதே துருவை வைத்துக்கொள்ள பியூட்டி பார்லர் வாசலில் வரிசை நிற்கிறது. பஸ்ஸில் முன் சீட்டில் மட்டும் இரண்டு கீற்றுகள். பக்கத்தில் இருந்தவள் வேறு, "உங்களுக்கு நல்லா செட் ஆகியிருக்குக்கா. எந்த பார்லர்?" என்று விசாரித்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டு நிறுத்தம் வருவதற்குள் சடை ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் டைஃபாய்டு வந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது, இடுப்பு வரை இருந்த சடையை அம்மாதான் அழுதுகொண்டே வெட்டி, மிச்சத்தை மழித்துவிட்டாள். "பெட்டியில பத்திரமா வெச்சிருக்கேன்" என்றும் சொன்னாள். அம்மாவுக்கு, சினிமாக்காரர்களுக்கு விக் கட்டும் கூடத்தில் வேலை. மொட்டைத் தலையோடு வெளியே போக மாட்டேன் என்று மகள் அடம்பிடித்ததும், அங்கிருந்தே ஒரு கருப்பு விக்கைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். அதன் புண்ணியத்தில்தான் இந்த வேலையே கிடைத்தது. சொந்த முடி வளர்ந்ததும் போன வாரம்தான் அதைக் கழற்றினாள்.

அந்தப் படம் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. இப்போது அவள் முடி தோள் வரைக்கும்தான் வளர்ந்திருக்கிறது. இடுப்பு நீளச் சடையில், அடியிலிருந்து நுனி வரை ஓடும் கீற்றைக் காட்டினால் சூப்பர்வைசர் அம்மா வாயைத் திறக்க முடியுமா?

வீட்டுக்குள் நுழைந்தால் டிவியில் அதே நடிகையின் பேட்டி. நீளச் சடையை முன்னால் இழுத்துப் போட்டு ஆட்டிக்கொண்டே, "இந்தக் கீற்றா? எனக்குப் பிறவியிலேயே இருக்கு" என்று சிரித்தாள்.

"கேட்டியாம்மா? அவளுக்குப் பிறவியாம், எனக்குச் சாயமாம்! அந்தப் பெட்டியை எடு. நாளைக்கு என் சடையைக் கொண்டுபோய் அந்த அம்மா மேஜையில போடுறேன்."

அம்மா அவசரமாகத் தட்டை எடுத்து வைத்தாள். "பரண் எல்லாம் தூசியா கிடக்கு. முதல்ல சாப்பிடு."

"என் வேலை போகப் போகுதும்மா!"

"சாவியை எங்கே வெச்சேன்னு தெரியலையே கண்ணு..."

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பெட்டிக்குப் பூட்டே இல்லை. அடியில் இருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே அவள் இத்தனை நாள் மாட்டிக்கொண்டிருந்த பழைய விக். வேறு எதுவும் இல்லை.

"இது எதுக்கு? என் சடை எங்கம்மா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு உன்னை அந்தக் கோலத்துல பார்க்க முடியலடி. முதலாளிகிட்ட ஒரு விக் கேட்டேன். உன் சடையைக் குடுத்தா தர்றேன்னார். குடுத்துட்டேன்."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மாவை வைவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

"சரி, குடுத்தது குடுத்துட்டே. இப்ப யார்கிட்ட இருக்குன்னு சொல்லு. கால்ல விழுந்தாவது ஒரு நாளைக்கு வாங்கிட்டு வர்றேன்."

அம்மா மெல்ல டிவிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதோ, ஆட்டிக் காட்டுறாளே... அதுதான்."