டொங்கலுக்குள் ஒரு சீடி

"இது டொங்கலா, சீடியா? நீயே பாத்துச் சொல்லு தம்பி."

சீனிமுகம்மது காக்கா லெப்டொப்பை மசூரின் கொம்பியூட்டர் கடை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

மசூர் டொங்கலைச் செருகினான். நெருப்புப்பெட்டியில் பாதியளவு சாமான். சிம்மைப் போட்டுச் செருகினால் வயர் இல்லாமலே இன்டர்நெட் வர வேண்டும். வந்தது ஒரு சீடியின் படம்.

கழற்றிச் செருகினான். மறுகாலும் சீடிதான்.

"விண்டோஸ அழிச்சிப்போட்டு உபுண்டு போட்டுத் தந்தது நீதான். வைரஸ் வராது, காசுமில்ல, களவுமில்ல எண்டாய்."

"ஓம். இப்பவும் அதத்தான் சொல்றன்."

"சொல்லு, சொல்லு. நாளைக்குப் பேரப்புள்ளைக்கு முடி இறக்கிப் பேர் வெக்கிற. மருமகன் றவூப் கட்டார்ல, லீவு குடுக்கிறானுகள் இல்ல. முதல் புள்ள, அதுட முகத்தப் பாத்து நான்தான் பேர் சொல்லுவன் எண்டு நிக்கான். அதுக்குத்தான் இந்த டொங்கல் வாங்கின."

"இஞ்ச வயர் லைன் இரிக்கி. மகளையும் புள்ளயையும் கூட்டிட்டு வாங்களன்."

"நாப்பது கழியாம நதீரா எப்பிடி வெளிக்கிடுற? உனக்கென்ன விசரா?"

"அப்ப ஊட்டுக்கு ஒரு போன் லைன்?"

"சுனாமி ஊட்டுத்திட்டம் தம்பி. சண்டையும் முடிஞ்சிட்டு, இன்னும் கம்பி இழுத்தபாடு இல்ல."

மசூர் டொங்கல் கம்பனிக்குப் போன் அடித்தான். "விண்டோஸ் போட்டுட்டு எடுங்க சேர்" என்று ஒரு பெண்குரல் சொல்லிவிட்டு வைத்தது.

காக்கா தொண்டையைச் செருமினார். "கோவிக்காத. பக்கத்துல றாஸிக்கிட்ட குடுத்தா விண்டோஸ் போட்டுத் தருவான்தானே?"

அந்தப் பெயர்தான் அங்கே எடுக்கக்கூடாத பெயர். கடலோடு எல்லாம் போன பிறகு மசூரும் றாஸிக்கும் சேர்ந்து திறந்த கடை அது. கள்ள சீடி விற்பதா, இல்லையா என்று பிடித்த சண்டையில் நடுவால் பலகை அடித்து இரண்டாக்கிக்கொண்டார்கள். அன்றோடு முகம் பார்ப்பதில்லை.

"அவன்ட பேர இஞ்ச எடுக்காதீங்க காக்கா. அவன் யாவாரியா? கள்ளன். என்னட்ட வந்த கஸ்டமர் எப்ப தன்ட பக்கம் திரும்புவான் எண்டு வாயப் பொளந்துட்டு இரிக்கிறவன்."

மசூருக்கு மெல்லக் கதைக்க வராது. சந்தையில் மரக்கறியைக் கூவி விற்று முன்னுக்கு வந்த தொண்டை அது.

"இன்டர்நெட்டுல உபுண்டு போரம் இரிக்கி, அதுல கேள்வி போட்டுக் கேப்பம்" என்று கடைக் கொம்பியூட்டர் பக்கம் திரும்பினான். "உலகம் முழுக்க ஆக்கள் இரிக்காங்க. சும்மா சொல்லித் தருவாங்க."

தனக்கு வந்த இங்கிலீசில் தட்டினான்.

"என்ன எழுதினாய்?"

"டொங்கல் வேலை செய்யிதில்ல, அவசரம் எண்டு."

"பேர் வெக்கிற கதையச் சொன்னியா?"

"வெள்ளைக்காரனுக்கு அது என்னத்துக்கு?"

காக்கா பிளேன்டியைக் குடித்து முடிக்குமுன் மறுமொழி வந்துவிட்டது. பெயர், பெங்குவின் ஜோ.

"எப்பவும் எனக்கு மறுமொழி போடுறது இந்த ஆள்தான். அமெரிக்கனா இரிப்பான்."

"அங்க இப்ப ராவுதானே. நித்திரை கொள்றல்லியா?"

"கொம்பியூட்டர்காரனுக்கு ராவென்ன, பகலென்ன."

'சீடிப் படம் வருகிறதா?' என்று கேட்டிருந்தான் ஜோ.

மசூர் புருவத்தை உயர்த்தினான். "நான் சீடியப் பத்தி எழுதவே இல்லியே. இவனுக்கு எப்பிடி விளங்கின?"

அடுத்த மறுமொழி நீளமாக வந்தது. 'டொங்கலுக்குள் விண்டோசுக்கான சீடி ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். செருகியதும் அது தன்னைச் சீடி என்றே காட்டிக்கொள்ளும். அந்தச் சீடியை வெளியேற்று. எஜெக்ட் கொடு.'

"வெளியேத்தினா இன்டர்நெட் எப்பிடிடா வரும்?" மசூர் திரையைப் பார்த்தே கத்தினான். "அதுக்கு இந்தச் சனியனக் கழட்டி எறிஞ்சா சரிதானே."

கை டொங்கலுக்குப் போனது. அதற்குள் அடுத்த வரி வந்தது.

'கழற்ற வேண்டாம். செருகியபடியே இருக்கட்டும். படத்தை மட்டும் வெளியேற்று.'

காக்கா அண்ணாந்து முகட்டைப் பார்த்தார். "கெமரா கிமரா வெச்சிரிக்கானோ?"

மசூர் எஜெக்ட் கொடுத்தான். சீடிப் படம் மறைந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அவன் ஏசுவதற்கு வாயெடுக்கும்போது டொங்கலின் விளக்கு நிறம் மாறியது. சீடியாகப் போன சாமான் மோடமாகத் திரும்பி வந்தது. இன்டர்நெட் பிடித்தது.

அங்கேயே கட்டாருக்கு வீடியோ கோல் எடுத்துப் பார்த்தார்கள். "தெரியிது மாமா" என்றான் றவூப். "உங்கட தாடில ஒட்டின பிஸ்கட் தூளும் தெரியிது."

"அல்ஹம்துலில்லாஹ்." காக்கா தாடியையும் கண்ணையும் சேர்த்துத் துடைத்தார்.

"ஊட்டுலயும் செருகினா முதல்ல சீடிதான் வரும் காக்கா. பயப்படாம வெளியேத்துங்க."

காக்கா லெப்டொப்பை அணைத்துக்கொண்டு படியிறங்கினார். மசூர் மனம் நிறைந்து போரத்தில் எழுதினான்: 'நன்றி ஜோ. நீ மனிதன். இந்த ஊரில் உன்னைப்போல் ஒருவன் இல்லை. என் பக்கத்துக் கடைக்காரன் என்றால் இதற்குள் கஸ்டமரைப் பறித்திருப்பான்.'

இந்தமுறை மறுமொழி வரச் சுணங்கியது. வந்தது இங்கிலீசு எழுத்தில் தமிழ். மசூர் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

'பரவால்ல மச்சான். கொஞ்சம் மெதுவா ஏசு, என்ட கஸ்டமர் எழும்பிப் போறாங்க. நாளைக்குப் புள்ளைக்கு என்ன பேர் வெச்சாங்க எண்டத மட்டும் பலகைக்கு இங்கால கேக்கிற மாதிரிச் சத்தமாச் சொல்லு.'