கடல் உள்வாங்கும் விளையாட்டு

திரையில் மறுபடியும் கடல் உள்ளே போனது.

ஹிஸ்புல்லா கதிரையின் நுனிக்கு வந்து, கைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டான்.

மனைவி றிஷானா குசினி வாசலில் நின்று பார்த்தாள். மகள் ஜுமானாவுக்கு ஆறு வயது. வகுப்பில் எல்லோரும் இதைத்தான் விளையாடுகிறார்களாம். முடிவு தெரியும்வரை முற்றத்தில் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை கேட்கிற விளையாட்டை முதலில் உம்மா விளையாடிப் பார்ப்பாள், பிறகு வாப்பா. இருவரும் சரியென்றால்தான் சரி. பூனை வளர்க்கிற விளையாட்டு றிஷானாவிடம் தோற்றது. அந்தப் பூனை சாப்பாட்டைவிட வைரத்தைத்தான் அதிகம் கேட்டது. கார் விளையாட்டைத் தள்ளியது ஹிஸ்புல்லா. ஆளை இடித்தால் புள்ளி கொடுக்கிற ஒன்றை ஆட்டோ ஓட்டுகிறவன் வீட்டுக்குள் எடுக்க ஏலாது என்றான்.

இதில் அப்படி ஒன்றும் இல்லை. சுடுகிற துவக்கு இல்லை, இரத்தம் இல்லை, முகம் தெரியாத ஆட்கள் வந்து கதைப்பதும் இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு றிஷானா விளையாடிப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. அவன் கைபேசியைத் தந்ததும் மகளைக் கூப்பிட்டு ஓம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

விளையாட்டு இப்படித்தான். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சிறுமி, கையில் கூடையோடு கடற்கரையில் நிற்பாள். அவளை நம் விரல் நடத்தும். திரையின் மூலையில் ஒரு நிலா வளரும். அது வளர வளரக் கடல் பின்னால் போகும். ஈர மணலில் சிப்பிகள் கிடக்கும். எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு பெரிய சிப்பி. பிறகு மெல்லிய இசையோடு தண்ணீர் திரும்பும். யாரும் மூழ்குவதில்லை. மணலில் நிற்பவர்களைக் குமிழிகள் தூக்கிக் கரையில் விடும். அவர்கள் சிரிப்பார்கள்.

விளையாட்டைச் செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. கடலை இழுப்பது நிலாதான். அவர்களுடைய குளிர் நாட்டில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கண்ணுக்கெட்டாத தூரம் வற்றும். எப்போது திரும்பி வரும் என்பதும் முன்கூட்டியே தெரியும். பிள்ளைகள் வாளியோடு போய்ச் சிப்பி பொறுக்கிவிட்டு நேரத்துக்கு வீடு திரும்புவார்கள்.

இவர்களுடைய ஊரான கிண்ணியா இருக்கிற கொட்டியாரக் குடாவில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் இரண்டடி வித்தியாசம் வந்தால் பெரிது. கட்டியிருக்கிற தோணியின் கயிறு கொஞ்சம் தளரும், பிறகு இறுகும். கிண்ணியாப் பிள்ளைகள் கடலின் அடியைக் காணாமலே வளர்கிறார்கள்.

கண்டவர்கள் ஒரே ஒரு நாள்தான் கண்டார்கள். இரண்டாயிரத்து நான்கு, மார்கழி. முதலில் வந்த தண்ணீர் முழங்கால் அளவுதான். அது திரும்பும்போது கடலையும் கூட்டிக்கொண்டு போனது. மணலில் மீன்கள் துள்ளின. பார்க்க ஓடியவர்கள் இருந்தார்கள். பெரிய அலை அதற்குப் பிறகுதான் வந்தது.

றிஷானா தோப்பூர்க்காரி, வயல் பக்கத்தில் வளர்ந்தவள். இதெல்லாம் அவள் கேட்டு அறிந்ததுதான். அந்த இசைக்குள் அது அவளுக்கு நினைவு வரவேயில்லை.

"புள்ளைக்குச் சரியா எண்டு பாக்கத்தான் தந்த. நீங்களே புள்ளையாகிட்டீங்க," என்றாள்.

அவன் நிமிரவில்லை. எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று பார்க்க அவள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

கூடையில் ஒன்றுமே இல்லை.

அவனுடைய சிறுமி கரையை விட்டு இறங்கவில்லை.

அந்த விளையாட்டில் இன்னொரு பிள்ளையும் உண்டு. மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பையன். கடல் வற்றத் தொடங்கியதும் முதலில் ஓடுகிறவன் அவன்தான். அவனை நடத்த ஏலாது. தொட்டால் திரும்பிப் பார்ப்பான், கையை ஆட்டுவான், மறுபடி ஓடுவான். அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அவ்வளவுதான். பகல் றிஷானாவும் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

ஹிஸ்புல்லாவின் விரல் அவன்மேல் இருந்தது. தொட்டான். பையன் கையை ஆட்டிவிட்டு ஓடினான். மறுபடியும் தொட்டான்.

ஹிஸ்புல்லாவின் தம்பி அஷ்ரப் அந்த மார்கழியில் போனவன் என்பது றிஷானாவுக்குத் தெரியும். அவனுடைய உம்மாவான மாமி எப்போதும் ஒன்றைத்தான் சொல்வார்: அன்று காலை தான் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்ததாகவும், வீட்டுக்குள் படுத்திருந்த பிள்ளையைத் தண்ணீர் வந்து எடுத்ததாகவும். மூத்தவன் எப்படித் தப்பினான் என்று றிஷானா கேட்டதில்லை.

"கூப்பிட்டா திரும்பி வருவானா எண்டு பாக்கிறன்," என்றான் ஹிஸ்புல்லா.

திரையில் தண்ணீர் திரும்பி வந்தது. குமிழிகள் பையனைத் தூக்கிக் கரையில் விட்டன. அவன் சிரித்தான்.

வாசலில் சைக்கிள் நின்றது. "என்ன வாப்பா, சரியா?" என்றாள் ஜுமானா.

கடல் உள்ளே போனால் என்ன செய்வது என்று இந்தப் பிள்ளைக்கு இதுவரை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலில் சொல்லிக் கொடுக்கப்போவது இந்த விளையாட்டு. ஓடு, தூரமாக ஓடு என்று. றிஷானா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவன் கையால் மறித்தான்.

"விளையாடலாம் மகள். முதல்ல இஞ்ச வந்து இரிங்க. வாப்பா ஒண்டு சொல்லோணும்."

பிறகு மற்றக் கதிரையை இழுத்து றிஷானாவின் பக்கம் போட்டான்.

"நீங்களும் இரிங்க. தம்பி எப்பிடிப் போனான் எண்டு எங்கட உம்மாக்கும் நான் சொன்னதில்ல."