வீடு பார்க்க வந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று ஐந்து.

சரியாக ஒரு மணிக்கு நுழைந்தால் காத்துக் கிடந்தவர்கள் போலத் தெரியும். அதனால் ஹாலிஸ், மனைவி வெர்னாவோடு தெருமுனையில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தார். போர்வையும் தலையணையும் கிடந்த காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தார்.

புல்தரையில் பலகை. வீடு விற்பனைக்கு. நான்கு மணி வரை யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம்.

அந்த மூன்று மணி நேரமும் வாங்க வந்தவர்களாகவே தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. வெளியே ஓஹையோ மாநிலத்தின் நவம்பர் குளிர். வெர்னாவுக்கு மூன்று வாரமாக இருமல்.

வாசலில் வருகைத் தாள் வைத்திருந்தார்கள். பெயர், விலாசம். ஒரு கையால் மனைவியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் அவசரமாக எழுதினார்.

தரகுப் பெண் ஷெரில் சூடான பிஸ்கட் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள். வீடு மணக்க வேண்டும் என்று தரகர்கள் எல்லா வீட்டிலும் சுடுவார்கள்.

"எத்தனை படுக்கையறை பாக்குறீங்க, சார்?"

"நாலு," என்று வெர்னா முந்திக்கொண்டாள். "இவரு குறட்டைக்கே தனியா ஒண்ணு வேணும்."

ஷெரில் சிரித்துவிட்டாள்.

வெர்னா இந்த நடிப்பில் கெட்டிக்காரி. போன வாரம் ஒரு வீட்டில் பளிங்குத் தரை மஞ்சளடிக்கிறது என்று மூக்கைச் சுளித்தாள். இன்று கணப்பு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, யோசிப்பவள் போல இரண்டு பிஸ்கட் தின்றாள். மூன்றாவதைக் கைக்குட்டையில் சுற்றினாள். பழக்கூடையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"மெழுகுப் பழம். கடிச்சிருந்தா இருக்குற பல்லும் போயிருக்கும், வாத்தியாரே."

கணவரிடம் சொல்லிவிட்டு அப்படியே கண்ணயர்ந்தாள்.

புத்தக அலமாரியில் எல்லாப் புத்தகங்களும் திரும்பி நின்றன. முதுகு உள்ளே, தாள்களின் வெள்ளை வெளியே. அட்டைகளின் நிறம் சுவர் நிறத்தோடு பொருந்தாது என்பதால் அப்படி அடுக்குவார்களாம்.

ஹாலிஸால் பொறுக்க முடியவில்லை. ஒன்றை உருவினார்.

அவர் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்திய நாவல். செல்வத்தைத் துரத்திப் போகிறவனின் கதை. ஆண்டுத் தேர்வில் எப்போதும் ஒரே கேள்வி: தான் கட்டியது வெறும் தோற்றம் என்று நாயகனுக்கு எந்தப் பக்கத்தில் தெரிகிறது? பக்கத்தைத் தவறாக எழுதியவர்களுக்கு அவர் இரக்கம் காட்டியதில்லை.

முதுகு வெளியே தெரியும்படி வைத்தார். அடுத்ததையும் திருப்பினார்.

ஷெரில் வருகைத் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் ஒரு வரியில் நின்றது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வழக்கமாக ஏரிக்கரைச் சாலை, 1402 என்று எழுதுவார். வீட்டை அடமானம் வைத்து அவர் முன்பணம் கட்டிய அடுக்ககத்தின் எண் அது. அந்தக் கட்டடம் வண்ணப் படத்தைத் தாண்டி எழும்பவில்லை.

இன்று இருபத்தாறு வருடப் பழக்கத்தில் கை தன்போக்கில் எழுதிவிட்டிருந்தது. குவாரி தெரு, 214. அவர்களுடைய பழைய வீடு.

ஏப்ரலில் வங்கி அந்த வீட்டை விற்றபோது முன்புல்லில் ஒரு பலகை நட்டார்கள். தரகரின் முகம் பெரிதாக அச்சடித்த பலகை. ஆறு வாரம் அது அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஷெரிலின் இதே பல்வரிசை.

ஷெரில் அவருடைய தேய்ந்த காலணிகளைப் பார்த்தாள். பிறகு, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கும் வெர்னாவை. மடியில் பிஸ்கட் முடிச்சு.

ஹாலிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். மனைவியை எழுப்பக் குனிந்தார்.

ஷெரில் தாளைக் கவிழ்த்து வைத்தாள். அவள் குரல் மாறவில்லை. வாங்குகிறவர்களிடம் பேசும் அதே குரல்.

"சார், மாடியில பெரிய குளியல் தொட்டி இருக்கு. வெந்நீர் ஒழுங்கா வருதான்னு பாக்காம யாரும் வீடு வாங்கக் கூடாது. துண்டெல்லாம் புதுசுதான். நாலு மணிக்கு மத்தவங்க போனாலும் நான் ஆறு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். மேடம் நிதானமா பாத்துட்டு வரட்டுமே?"